குற்றம் இல்லாத சமூகமே இருக்க முடியாதுனு துர்கைம் சொல்றத எப்படி எடுத்துக்கறது?

பொருநை

எல்லாருக்கும் வணக்கம். யூபிஎஸ்சிக்கு சோஷியாலஜி ஆப்ஷனல் எடுத்திருக்கேன், பேப்பர் ஒன்னுல பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் கிட்ட வந்து நின்னுட்டேன். வேலைப்பிரிவினை பத்தி அவரு சொல்றது புரியுது. ஆனா குற்றம்ங்கறது எல்லா சமூகத்துக்கும் இயல்பு, அதனால ஒரு பயனும் இருக்குனு சொல்ற எடத்துல மனசு ஒப்ப மாட்டேங்குது. அடுத்த சாப்டர்ல மதம் வருது, அதுவும் மக்கள ஒன்னு சேக்குதாம். அதுக்கப்புறம் வர்ற ஃபங்ஷனலிஸ்ட், அதாவது எது இருந்தாலும் அது சமூகத்துக்கு என்ன வேலை செய்யுதுனு பாக்கறவங்க, எல்லாரும் இதே பாட்டுதான். எதை எடுத்தாலும் அது சமூகத்த ஒட்ட வைக்குதுனு சொல்லிட்டா அப்புறம் எதுதான் பிரிக்குது?

எங்க தெருவுல நடந்த ஒன்ன வச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு சாயங்காலம் செயின் அறுப்பு நடந்துச்சு, அதுவரைக்கும் முகம் குடுத்துப் பேசாதவங்க எல்லாம் அன்னைக்கு ராத்திரி வாசல்ல கூடி நின்னு பேசுனாங்க, வீட்டுக்கு இவ்வளவுனு காசு போட்டு கேமரா வச்சாங்க, இப்ப வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்கறாங்க. துர்கைம் சொல்றது இதுதானா? இதுதான்னா, செயின பறிகொடுத்த அக்காவுக்கு கழுத்துல காயம், அதுக்கப்புறம் ரொம்ப நாள் தனியா வெளிய போகவே பயந்தாங்க. தெருவுக்கு நல்லது நடந்துச்சுனு அவங்க கிட்ட போய் யாராவது சொல்ல முடியுமா? கூடப் படிக்கற ஒருத்தர் இது எல்லாமே நடக்கறத நியாயப்படுத்தற தியரினு ஒரே வரில முடிச்சுட்டாரு. எனக்கு அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடவும் மனசு வரல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

கல்லணை

பொருநை, உங்க தெரு உதாரணம் பாதி சரி. துர்கைமுக்கு முக்கியம் திருட்டு கிடையாது, திருட்டக் கேட்டதும் எல்லாரும் வாசலுக்கு வந்தாங்களே, அந்தக் கோவம். 1893ல வந்த முதல் பெரிய புத்தகத்துலயே சொல்லிடறாரு, ஒரு செயல் குற்றமா இருக்கறதால நமக்கு ஆத்திரம் வரல, நம்ம எல்லாருக்கும் பொதுவா ஆத்திரம் வர்றதாலதான் அத குற்றம்னு வச்சிருக்கோம்னு. தண்டனை குடுத்தா குற்றவாளி திருந்துவானா, அடுத்தவன் பயப்படுவானாங்கறது எல்லாம் அவருக்கு ரெண்டாம்பட்சம்தான். தண்டனை முக்கியமா போய்ச் சேர்றது ஒழுங்கா இருக்கறவங்க கிட்ட, நாம மதிக்கற விஷயம் இன்னும் செல்லுபடியாகுதுனு அவங்களுக்கு அது தெரியப்படுத்துது.

1895ல எழுதுன சமூகவியல் முறையின் விதிகள்ல இன்னும் ஒரு படி மேல போறாரு. துறவிங்க மட்டுமே இருக்கற ஒரு மடத்த நெனச்சுக்கங்க, அங்க கொலை கொள்ளை எதுவும் நடக்காது, ஆனா நாம கண்டுக்காம விடற சின்னப் பிசகு அங்க பெரிய குற்றமாயிடும், ஏன்னா அங்க எல்லாரோட மனசும் அவ்வளவு கூர்மையா இருக்கும். அதனால குற்றம்ங்கற இடம் எங்கயும் காலியா இருக்காது. இயல்புனு சொன்னதால எவ்வளவு நடந்தாலும் பரவால்லனு அர்த்தம் எடுத்துக்காதீங்க, ஒரு அளவத் தாண்டிப் போனா அது சமூகத்துக்கு வந்த நோய்னு அவரே எழுதறாரு.

இத ஒரு ஊர்ல வச்சு சோதிச்சுப் பாத்தவரு அமெரிக்க சமூகவியலாளர் கய் எரிக்சன். 1966ல வந்த வேவர்ட் பியூரிட்டன்ஸ்ங்கற புத்தகம், கிடைச்சா கண்டிப்பா படிங்க, தேர்வுக்காக இல்லாட்டியும் படிங்க. 1630ல ஜான் வின்த்ராப் தலைமைல இங்கிலாந்துலேர்ந்து கப்பல் ஏறி, அமெரிக்கால இங்கிலாந்தோட காலனியா இருந்த மாசசூசெட்ஸுக்குப் போன பியூரிட்டன்ங்க, அதாவது ரொம்பக் கறாரான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவங்க, அவங்கதான் கதை. பைபிள் சொல்ற மாதிரியே ஒரு ஊர கட்டணும்னு வந்தவங்க, அதாவது துர்கைம் கற்பனை பண்ண மடத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருந்த ஒரு நிஜ சமூகம். அங்க அறுபது வருஷத்துக்குள்ள மூணு பெரிய குற்ற அலை வருது. முதல்ல ஆன் ஹட்சின்சன், வீட்ல கூட்டம் போட்டு போதகர்கள விமர்சனம் பண்ணாங்க, 1637ல விசாரிச்சு காலனிய விட்டே வெளியேத்துனாங்க. அடுத்தது 1650கள்ல குவேக்கர்கள்ங்கற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு, இவங்க நீதிபதி முன்னாடி தொப்பிய கழட்ட மாட்டாங்க, பெரிய மனுஷன் சின்ன மனுஷன் பாக்காம எல்லாரையும் ஒருமைலயே பேசுவாங்க, அதுவே தாங்க முடியாத குற்றமா தெரிஞ்சுது, சாட்டையடி, காது அறுக்கறது, கடைசில தூக்கு வரைக்கும் போச்சு. மூணாவது 1692ல அதே மாசசூசெட்ஸ்ல சேலம்ங்கற ஊர்ல (நம்ம சேலம் இல்ல) நடந்த சூனியக்காரி வழக்கு.

எரிக்சன் கேக்கற கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏன் அந்தந்த நேரத்துல அந்தந்தக் குற்றம்? ஒவ்வொரு அலையும் வந்தது நாம யாருங்கறதுல அவங்களுக்கே குழப்பம் வந்த நேரத்துல. சேலத்துக்கு முன்னாடி 1684ல காலனியோட சாசனத்தையே இங்கிலாந்து ரத்து பண்ணிடுச்சு, வந்த முதல் தலைமுறையும் போய்ச் சேந்தாச்சு, எதுக்கு இங்க வந்தோம்ங்கறதே மங்கிப் போன காலம். எல்லை எங்க இருக்குனு தெரியாதப்போ அதத் தாண்டுனதா ஒருத்தர நிறுத்தி வச்சு எல்லையக் கண்டுபிடிக்கறாங்க. எசெக்ஸ் கவுண்டியோட கோர்ட் பதிவுகளையும் எண்ணிப் பாத்து, குவேக்கர் காலத்துல வழக்கு கூடுனாலும் குற்றவாளியா நின்ன ஆளுங்களோட விகிதம் பெருசா மாறலைனு காட்டறாரு. அப்போ ஒரு சமூகம் தனக்கு வேணுங்கற அளவு குற்றவாளிங்கள தானே கண்டெடுத்துக்குதோங்கற சந்தேகம் நமக்கு வருதில்ல, அந்தப் புத்தகத்தோட பலமே அதுதான்.

சிறுவாணி

கல்லணை சார் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா பொருநை கேட்ட கடைசிக் கேள்விய அப்படியே தாண்டிப் போயிட்டீங்க. அந்த அக்கா கிட்ட யாரு போய் சொல்றது?

நீங்க சொன்ன மாசசூசெட்ஸ்லயே மேரி டையர்னு ஒரு அம்மா. ஆன் ஹட்சின்சன சர்ச்ச விட்டு விலக்கி வச்சப்போ கூட எழுந்து வெளிய நடந்தவங்க. பின்னாடி குவேக்கர் ஆனாங்க. 1659 அக்டோபர்ல ரெண்டு ஆம்பளைங்களோட சேத்து இவங்களையும் தூக்கு மேடைக்கு கூட்டிட்டுப் போனாங்க, கூட வந்த ரெண்டு பேரும் கண்ணு முன்னாடி தூக்குல தொங்குனாங்க, இவங்கள மட்டும் கடைசி நிமிஷத்துல எறக்கி விட்டு ஊர விட்டு அனுப்புனாங்க. அந்தச் சட்டத்தையே எதிர்க்கணும்னு திரும்பி வந்தாங்க, 1660 ஜூன் 1ஆம் தேதி பாஸ்டன்ல தூக்குல போட்டுட்டாங்க. இப்போ இதோட ஃபங்ஷன், அதாவது இது சமூகத்துக்கு செய்யற வேலை, என்னனு கேட்டா பியூரிட்டன்ங்களோட எல்லை தெளிவாச்சுனு எழுதலாம், மார்க்கும் கிடைக்கும். ஆனா யாரோட எல்லை? குவேக்கர்களும் அந்த மண்ணுலதான் இருந்தாங்க, அவங்க அந்த சமூகத்துல சேத்தி இல்லையா? சமூகத்துக்கு நல்லதுங்கற வார்த்தைக்குள்ள ஜெயிச்சவங்க மட்டும் உக்காந்துக்கறாங்க.

சேலத்துல இது இன்னும் மோசம். நூத்தம்பது பேருக்கு மேல குற்றம் சாட்டி, 19 பேர தூக்குல போட்டு, குற்றத்த ஒத்துக்கறேன், இல்லைனு எந்தப் பதிலும் கோர்ட்ல சொல்ல மாட்டேன்னு நின்ன ஒரு வயசானவர கல்ல அடுக்கி நசுக்கிக் கொன்னாங்க. நாலஞ்சு வயசுக் குழந்தை ஒன்ன விலங்கு போட்டு ஜெயில்ல வச்சிருந்தாங்க, அதோட அம்மாவையும் தூக்குல போட்டாங்க. அங்க என்ன ஒத்துமை வளந்துச்சு? பக்கத்து வீட்டுக்காரன் மேல பக்கத்து வீட்டுக்காரன் புகார் குடுத்து ஊரே ரெண்டா கெடந்துச்சு, 1711ல அரசாங்கமே நஷ்ட ஈடு குடுத்துச்சு. ஒட்ட வைக்குதுங்கறது எப்பவும் நடக்கற விதி கிடையாது. அமெரிக்க சமூகவியலாளர் மெர்ட்டன் 1949ல இதத்தான் சொல்றாரு, எல்லாமே சமூகம் முழுசுக்கும் பயன்படுதுனு முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க, யாருக்குப் பயன், யாருக்குக் கேடுனு தனித்தனியா பாருங்கனு. ஃபங்ஷனலிசத்துக்குள்ள இருந்துகிட்டே ஒருத்தர் இதச் சொல்ல வேண்டி வந்துச்சுன்னா முன்னாடி இருந்தவங்க எவ்வளவு கண்டுக்காம போயிருக்காங்கனு பாத்துக்கங்க.

கல்லணை

சிறுவாணி, யாருக்குங்கற கேள்வி ரொம்ப நியாயமானது, மெர்ட்டன் சொன்னதையும் அப்படியே ஏத்துக்கறேன். ஆனா துர்கைம் அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்லைனு மட்டும் சொல்லாதீங்க. அவரு பிரான்ஸ்ல லொரேன் பகுதில எபினால்ங்கற ஊர்ல ஒரு யூத ரபியோட மகன். 1870ல பிரஷ்யாவோட நடந்த போர்ல பிரான்ஸ் தோத்தப்போ அவருக்கு பன்னெண்டு வயசு, தோல்விக்கு யூதங்கதான் காரணம்னு சுத்தி இருந்தவங்க பேசறத கிட்ட இருந்து பாத்தவரு. அப்புறம் 1894ல பிரெஞ்சு ராணுவத்துல இருந்த யூதர் கேப்டன் டிரைஃபஸ, தப்பே பண்ணாதவர, தேசத்துரோகினு சொல்லி தண்டிச்சு டெவில்ஸ் தீவுக்கு அனுப்பறாங்க, நாடே ரெண்டா பிரியுது. அந்த நேரத்துல துர்கைம் போர்டோல வாத்தியார், டிரைஃபஸ் பக்கம் வெளிப்படையா நின்னாரு. 1899ல யூத வெறுப்பு பத்தி எழுதுன ஒரு சின்னக் குறிப்புல, ஒரு சமூகத்துக்கு வலி வந்தா அதுக்குப் பொறுப்புனு கை காட்ட ஒரு ஆள் தேவைப்படுது, ஏற்கனவே பொதுக்கருத்து வெறுக்கற ஆளுங்க தானா அந்த எடத்துக்கு வந்துடறாங்கனு சொல்றாரு. எரிக்சன் அறுபது வருஷத்துக்கு மேல கழிச்சு மாசசூசெட்ஸ் கதைல பாத்தது இதுதானே.

அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி, 1898ல, அவரு எழுதுன ஒரு கட்டுரை இருக்கு. ராணுவத்தோட மானத்துக்காக ஒரு நிரபராதி சிறைல கெடந்தா என்ன, நாட்டோட ஒத்துமை பெருசில்லையானு கேட்டவங்களுக்கு குடுத்த பதில். பழைய காலத்துல எல்லாரும் ஒரே மாதிரி வாழ்ந்தாங்க, ஒரே மாதிரி நம்புனாங்க, இப்போ அது போயிடுச்சு, இனிமே நம்ம எல்லாருக்கும் பொதுவா மிஞ்சி இருக்கறது மனுஷன்ங்கற மதிப்பு ஒன்னுதான், அதுல கை வச்சா நீங்க காப்பாத்தறதா சொல்ற ஒத்துமைதான் முதல்ல உடையும்னு வாதாடறாரு. இதப் படிச்சதுக்கு அப்புறம் துர்கைம பழமைவாதினு ஒரு வரில எழுத எனக்கு கை வராது.

பொருநை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டிரைஃபஸ் விஷயம் நான் படிக்கற நோட்ஸ்ல ஒரு வரி கூட இல்ல. இன்னொன்னு, மதம் பத்தி அவரு சொல்றதும் இதே தர்க்கம்தானா? சாமி கும்புடறது உண்மைல சமூகத்தயே கும்புடறதுதான்னு சொல்றத அப்படியே எழுதினா பக்தி இருக்கறவங்களுக்கு அவமானமா இருக்காதா? சமூகப் பிணைப்பு பத்தியும் யாராவது தனியா சொன்னா நல்லா இருக்கும்.

மலைக்காற்று

கல்லூரில இந்தப் பாடத்த நடத்தறவங்கற முறைல மதம் பத்தி மட்டும் சொல்றேன் மா.

அவமானப்படுத்தறது அவரு நோக்கமே இல்ல. 1912ல வந்த மத வாழ்வு பத்தின புத்தகத்தோட ஆரம்பத்துலயே, பொய்யான மதம்னு ஒன்னு கிடையாது, எல்லா மதமும் அததுக்கு ஏத்த வகைல உண்மைதான்னு சொல்றாரு. கடவுள வச்சு மதத்துக்கு இலக்கணம் சொல்ல மாட்டேன்கறாரு, ஏன்னா பௌத்தத்துல கடவுள் மையமா இல்ல, ஆனா அது மதம் இல்லைனு யாரும் சொல்ல முடியாது. அதனால புனிதமானது, சாதாரணமானதுனு உலகத்த ரெண்டா பிரிக்கறதும், அந்த நம்பிக்கையும் சடங்கும் ஒரு கூட்டத்த ஒரே அறச் சமூகமா சேக்கறதும்தான் அவருக்கு மதம்.

உதாரணத்துக்கு மத்திய ஆஸ்திரேலியாவுல இருக்கற அருண்டா மக்கள எடுத்துக்கறாரு. வருஷத்துல பெரும்பகுதி சின்னச் சின்னக் குழுவா பிரிஞ்சு இரை தேடிட்டு இருப்பாங்க, வாழ்க்கை ஒரே மாதிரி போகும். சடங்கு காலத்துல எல்லாரும் ஒரு எடத்துல கூடறப்போ ஒருத்தரோட உணர்ச்சி இன்னொருத்தருக்குத் தொத்திக்கும், ஆட்டமும் பாட்டும் ஏறிக்கிட்டே போய் தன்ன மீறுன ஒரு சக்தி உள்ள வந்துட்ட மாதிரி இருக்கும். அந்த சக்தி நிஜம், கூட்டத்துலேர்ந்து வந்தது, ஆனா அத அனுபவிக்கறவங்க அந்தக் குலத்தோட சின்னமா இருக்கற விலங்கு மேலயோ செடி மேலயோ ஏத்தி வச்சுப் பாக்கறாங்கங்கறாரு. பக்தன் ஏமாந்து போகல, தன்ன விட பெருசான ஒன்ன நிஜமாவே உணர்றான், அது எங்கேர்ந்து வருதுங்கறதுலதான் துர்கைம் வேற பதில் சொல்றாரு. தேர்வுல இந்த வரிய விட்டுடாதீங்க, இது இல்லாம எழுதுனா நீங்க பயப்படற மாதிரிதான் படிக்கறவங்களுக்குத் தோணும்.

குறையும் இருக்கு. அவரு ஆஸ்திரேலியா பக்கம் போனதே இல்ல, அங்க போய் அந்த மக்களப் பாத்த ஸ்பென்சரும் கில்லனும் எழுதுனத வச்சுதான் எழுதுனாரு. ஒரு மக்கள வச்சு எல்லா மதத்துக்கும் சேத்து சொல்லிட்டாருங்கறது பழைய புகார், சரியான புகாரும் கூட. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி நேரா நியூ கினி பக்கத்துல இருக்கற டிரோபிரியாண்ட் தீவுக்குப் போய் வருஷக்கணக்கா கூடவே இருந்து பாத்தவரு, அவரோட விளக்கம் வேற. அந்த மக்கள் உப்பங்கழில மீன் பிடிக்கறப்போ எந்த மந்திரமும் இல்ல, அங்க ஆபத்தும் இல்ல, மீனும் நிச்சயம். ஆழ்கடலுக்குப் போறப்போ மட்டும் மந்திரமும் சடங்கும் விரிவா நடக்கும். திறமையும் அறிவும் எட்டாத எடத்துல வர்ற பயத்த சடங்கு தாங்கிப் பிடிக்குதுங்கறாரு. அப்போ அவருக்கு சடங்கோட வேலை முதல்ல மனுஷனோட மனசுக்கு, துர்கைமுக்கோ கூட்டத்துக்கு. ஃபங்ஷனலிசம்னு ஒரே பேர்ல ரெண்டையும் சேத்துடறாங்க, சேக்காதீங்க.

நம்ம பக்கம் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் துர்கைம பிடிச்சுகிட்டு வளந்தவரு, ஆக்ஸ்ஃபோர்டுல அவர்கிட்ட படிச்சவரு நம்ம நாட்டு சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீநிவாஸ். 1952ல குடகு மக்களோட மதம் பத்தி அவரு எழுதுன புத்தகத்துல வீடு, ஊர், நாடுனு ஒவ்வொரு மட்டத்துலயும் சடங்கு எப்படி ஆளுங்கள சேக்குதுனு காட்டிருக்காரு. பேப்பர் ரெண்டுக்கும் உதவும். ஆனா அங்கயும் சிறுவாணி கேட்ட கேள்வியக் கேட்டுகிட்டே படிங்க, ஊர்த் திருவிழால ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வேலை இருக்குனு சொல்றப்போ எந்த வேலை யாருக்கு வந்துச்சுங்கறதுலயே மேல கீழ இருக்கு.

அமராவதி

பிணைப்பு பத்தி நான் சொல்றேன், கொஞ்சம் அவசரமாதான் எழுதறேன்.

1897ல வந்த தற்கொலை புத்தகம்தான் இதுக்கு ஆதாரம். துர்கைமோட அக்கா மகன் மார்செல் மோஸ் உக்காந்து 26,000 தற்கொலைப் பதிவுகள பிரிச்சு அடுக்கிக் குடுத்தாரு. கத்தோலிக்கர்கள விட புராட்டஸ்டண்ட்கள் மத்தில அதிகம், குடும்பம் இருக்கறவங்கள விட தனியா இருக்கறவங்க மத்தில அதிகம், போர்க்காலத்துல கொறையுதுனு ஒவ்வொன்னா காட்டி, ஒரு ஆளு எந்த அளவுக்கு மத்தவங்களோட கட்டுண்டு இருக்காருங்கறதுதான் இதுல பேசுதுனு துர்கைம் சொன்னாரு. சந்தையில திடீர்னு வீழ்ச்சி வந்தாலும் கூடும், திடீர் செழிப்பு வந்தாலும் கூடும், ஆசைக்கு எல்லை போடற விதிகள் ரெண்டு நேரத்துலயும் ஆட்டம் கண்டுடுது, அந்த நிலைதான் அனோமி. அரசாங்கப் பதிவ எவ்வளவு நம்பலாம், கத்தோலிக்க ஊர்ல குடும்பத்துக்காரங்க மறைச்சிருக்க மாட்டாங்களானு பின்னாடி வந்தவங்க கேட்டாங்க, அதுவும் எழுதணும்.

குற்றத்தோட இது சேர்ற எடம் ரெண்டு. மெர்ட்டன் 1938ல அமெரிக்காவ வச்சு சொன்னது, பணக்காரன் ஆகணும்ங்கற கனவ எல்லாருக்கும் ஊட்டிட்டு அதுக்கான வழிய சிலருக்கு மட்டும் தொறந்து வச்சா மிச்ச பேரு வேற வழி தேடுவாங்கனு. இதுல குற்றம் பயனுள்ளதுங்கற பேச்சே இல்ல பாருங்க, சமூகம் குடுக்கற அழுத்தம்தான் பேச்சு. அதனாலதான் எனக்கு துர்கைம விட மெர்ட்டன் மேல நம்பிக்கை அதிகம். இன்னொருத்தர் அமெரிக்கக் குற்றவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி, 1969. இவரு கேள்வியையே திருப்பிப் போட்டாரு, ஏன் சிலர் தப்பு பண்றாங்கனு கேக்காம ஏன் மத்தவங்க பண்ணாம இருக்காங்கனு கேட்டாரு. கலிஃபோர்னியால ரிச்மண்ட் பகுதில நாலாயிரம் மாணவர்களுக்கு மேல கேள்வித்தாள் குடுத்துப் பாத்து, அப்பா அம்மா மேல பாசம், படிப்புல போட்ட உழைப்பு, நேரத்த எடுத்துக்கற வேலைகள், சட்டத்து மேல மதிப்பு, இந்தக் கட்டு தளந்து போன எடத்துல தப்பு நடக்க வழி கிடைக்குதுனு சொன்னாரு. ஹிர்ஷிய ஃபங்ஷனலிஸ்ட்னு எழுதிடாதீங்க, கண்ட்ரோல் தியரிக்காரரு, துர்கைம்கிட்டேர்ந்து இந்த ஒரு இழையத்தான் எடுத்துகிட்டாரு.

பொருநை

இப்போ ஓரளவு வழி தெரியுது, எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மட்டும். குற்றத்தால பயன் இருக்குனு எழுதிட்டா, அந்தப் பயனுக்காகத்தான் குற்றம் நடக்குதுனு ஆயிடாதா? அங்கதான் கூடப் படிக்கறவரு என்ன மடக்கறாரு.

மலைக்காற்று

ஆகாது. விதிகள் புத்தகத்தோட அஞ்சாவது அத்தியாயத்துல துர்கைமே இதப் பிரிச்சுடறாரு. ஒரு விஷயம் எதுக்குப் பயன்படுதுனு காட்டிட்டா அது எப்படி வந்துச்சுனு விளக்குனதா ஆகாது, காரணத்தத் தனியா தேடணும், அது என்ன வேலை செய்யுதுங்கறதத் தனியா தேடணும்னு சொல்றாரு. ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் மூணாவது அத்தியாயத்துல குற்றம் பத்தின பகுதிய மட்டும் படிச்சுட்டு மூடி வச்சுடறாங்க, அதனாலதான் இந்தக் குழப்பம். நீங்க அஞ்ச முதல்ல படிச்சுட்டு அப்புறம் மூணுக்கு வாங்க. அதுக்கப்புறம் எரிக்சன்ல குவேக்கர் பகுதிய எடுத்துகிட்டு எங்க காரணம் சொல்றாரு, எங்க பயன சொல்றாரு, எங்க ரெண்டும் கலந்து போகுதுனு பென்சில்ல குறிச்சுப் பாருங்க, சில எடத்துல அவருமே கலக்கறாரு. குறிச்சத இங்க போடுங்க, சேந்து பாக்கலாம்.